காதை விரிக்கிற கார்

சங்கரன்கோவில் வர்த்தகர் நலச் சங்கத்தின் துணைத்தலைவர் ஒருவர், கார்க் கதவைத் தானே சாவி அமுக்கித் திறப்பது அந்தப் பதவிக்கு அழகில்லை என்று சங்கரலிங்கத்துக்கு ஆனி மாதக் கடைசியில் தோன்றிவிட்டது. சங்கத்தில் உறுப்பினர்களைவிடத் துணைத்தலைவர்கள் அதிகம் என்பது வேறு விஷயம். தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், இன்னொரு துணைத்தலைவர் மண்டபத்தை விட்டு இறங்கி வரவும் அவருடைய கார் லைட்டைச் சிமிட்டி, பக்கக் கண்ணாடிகளைக் காது மாதிரி விரித்து, பூட்டை எடுத்துக்கொண்டு நின்றதை இவர் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பாயசம்கூட இவருக்கு இறங்கவில்லை.

"டாப் மாடல்லதான் அது வரும்ங்க. நம்மது அடி மாடலு" என்று அவர் மனைவி ஞானபூரணம் திரும்பி வரும் வழியில் சொன்னாள்.

"மாடலு கெடக்கு. வெளிய மாட்டிக்கிடலாம். டாப் மாடலுக்காரனுக்கு என்ன, கொம்பா மொளச்சிருக்கு?"

மறுநாளே ராஜபாளையம் சாலையில் நியாஸ் அகமதுவின் கார் அலங்காரக் கடையில் வண்டி நின்றது. கடையநல்லூர்க்காரன். வளைகுடாவில் சில வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஞானபூரணம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கதவின் உட்பக்கத்தைக் கழற்றிப் போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோலை உரித்த கோழி மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இது சின்ன வேலைதான். உள்ள ஒரு பெட்டி வைப்பேன். சாவி உங்க பையில கெடந்தாப் போதும், எடுக்கவே வேண்டாம். நீங்க கிட்ட வந்தா லாக் எடுத்திரும், கண்ணாடி விரியும், லைட்டு ஒரு சிமிட்டு சிமிட்டும். தள்ளிப் போனா தானாப் பூட்டிக்கிடும்."

"நான் வாரேன்னு அதுக்கு எப்படிவே தெரியும்?"

"சாவி சொல்லிரும்."

"நான் யாருன்னு சொல்லுமா?"

நியாஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "சாவி வச்சிருக்கவரு வாராருன்னு தெரியும் அண்ணாச்சி. அதுக்கு மேல அதுக்குத் தெரியாது."

இந்தப் பதில் துணைத்தலைவருக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை.

வேலை முடிந்ததும் நியாஸ் இரண்டு சாவிகள் கொடுத்தான். ஒன்று வளையம் மாட்டியது. இன்னொன்று வழவழப்பான கவருக்குள் ஒட்டியபடியே இருந்தது. "ரெண்டையும் வண்டியோட சேத்தாச்சு" என்று அவன் பிரிக்கப் போனபோது சங்கரலிங்கம் கையைப் பிடித்துவிட்டார். "பிரிக்காத. அப்படியே கொடு."

பிரிக்காத பொருளுக்கு வயசாகாது, தேயாது, வேலையும் செய்யாது என்பது அந்த வீட்டின் கொள்கை. சோபாவில் இன்னும் கடைக் கவர் கிடக்கிறது. உட்கார்ந்தால் தொடை ஒட்டும், எழுந்தால் உரியும். டிவி ரிமோட் மூன்று சுற்றுக் கவருக்குள் இருப்பதால் எந்த எண்ணை அமுக்குகிறோம் என்பது அமுக்கிய பிறகுதான் தெரியும். ஆகையால் அந்தச் சாவியும் கவரோடு வீட்டுக்கு வந்தது. "பீரோவுல நகைப்பெட்டிக்குப் பின்னால வச்சிருக்கேன். எவனும் தொடப்பிடாது" என்று அறிவித்தார்.

ஞானபூரணம் அதைக் காதில் வாங்கியதோடு சரி. அந்த வாரம் அவளுக்கு வேறொரு ஆச்சரியம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து குளித்த ஈரத் துணியைக் குளியலறை மூலையில் குவித்துவிட்டு வருகிற மனுஷன், திடீரென்று தன் பட்டாபட்டி டிராயரைத் தானே அலசிக் கொடியில் போட ஆரம்பித்திருந்தார். வயசு ஏற ஏற பொண்டாட்டி மேல் பிரியம் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்து, கோமதி அம்மனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள்.

திருவேங்கடம் சாலையில் அவர்களுக்கு மோட்டார், பைப் கடை. குருவிகுளம், பனவடலிசத்திரம் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்கள் போர் போட்டுவிட்டுத் தண்ணீர் வராதா என்ற நம்பிக்கையோடு வருவார்கள். தண்ணீர் வராத துக்கத்தோடு மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். ஞானபூரணம் கல்லாவில் இருப்பாள். அவள் தம்பி மாரிக்கண்ணன் பைப் ஏற்றுவான், கிணற்றில் மோட்டார் இறக்குவான், அத்தானுக்குக் காரும் ஓட்டுவான். அப்பா செத்த வருஷம் வந்தவன். அக்கா கையால் சாப்பிட்டே வளர்ந்தவன். ஆவணியில் அவனுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் பெண் பேசி முடித்திருந்தது.

காரைக் கடைக்கு எதிர்ச்சாரியில், மூடிப்போன பஞ்சு மில்லின் மதிலோரம் வேம்படியில் நிறுத்துவார்கள். ஆடி பிறந்து காற்று பிடித்துக்கொண்டது. ரோட்டு மண் எழும்பிக் கடைக்குள் வந்து பைப் துளைகளில் எல்லாம் ஊதிற்று. துணைத்தலைவரின் பிறந்தநாள் வாழ்த்துப் பலகையில் மீசைக்கு மேல் பாதி கிழிந்து, மின்கம்பியில் தொங்கிக் கொண்டிருந்தது.

அப்படி ஒரு காற்று நாளில்தான் முதல் சந்தேகம் வந்தது. மாரிக்கண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பனவடலிசத்திரத்துக்கு லோடு ஆட்டோவில் பைப் கொண்டு போயிருந்தான். சங்கரலிங்கம் வெற்றிலை துப்பத் தெருவைத் தாண்டினார். கார்ப் பக்கம் போனார். கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்துகொண்டது.

வெற்றிலையைத் துப்பாமலே திரும்பி ஓடி வந்தார். "ஏட்டி, வண்டி தொறந்து கெடக்கு."

ஞானபூரணம் கல்லாவைப் பூட்டிவிட்டுப் போய் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கண்ணாடிகள் மடங்கிக் கிடந்தன. "பூட்டித்தானங்க கெடக்கு."

"தள்ளு" என்று அவர் தெருவைத் தாண்டி வந்தார். லைட் சிமிட்டியது. கண்ணாடிகள் விரிந்தன. கதவு திறந்தது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மெல்லத் திரும்பி மில் மதிலைப் பார்த்தார். வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். "எவனோ ஒளிஞ்சு நின்னு அமுக்குதான்" என்றார்.

"என்னமும் காணாமப் போயிருக்கா?"

"ஒண்ணும் போகல."

"அப்ப விடுங்களேன்."

"அங்கனதான் நீ பொம்பள. எடுத்துட்டுப் போறவன் சாதாக் கள்ளன். ஒண்ணும் எடுக்காமப் போறவந்தான் பெரிய கள்ளன். அவன் திட்டம் நமக்குப் புரியல, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து துணைத்தலைவர் மணிக்கொரு தடவை தெருவைத் தாண்டினார். அவர் போனபோதெல்லாம் கார் திறந்து கிடந்தது. வேறு யார் போய் இழுத்தாலும் பூட்டிக் கிடந்தது. நியாஸுக்குப் போன் போட்டார்.

"ரெண்டு சாவிதான் அண்ணாச்சி குடுத்தேன். ரெண்டும் உங்க வசம் இருக்கா?"

"இருக்குவே. எனக்கென்ன மறதியா?"

"அப்ப ரெண்டையும் தூர வச்சுட்டு ஒருதரம் போய்ப் பாருங்களேன்."

"ஒண்ணு மாரி கையில ஓடிக்கிட்டு இருக்கு. ஒண்ணு பிரிக்கவே இல்ல. நீ மூணாவது ஒண்ணு செஞ்சு எவன்ட்ட குடுத்த, அதைச் சொல்லு."

"அண்ணாச்சி, அல்லா மேல ஆணையா நான் இன்னும் மதியச் சோறு திங்கல. அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டான். அதுவும் சந்தேகத்தில் சேர்ந்தது.

பிறகு சீட்டுக்கு அடியில் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம் ஒன்று அகப்பட்டது. வண்டிக்குப் பூஜை போட்ட அன்றைக்குச் சக்கரத்துக்கு வைக்க வாங்கிய புளியங்குடிப் பழத்தில் ஒன்று உருண்டு போயிருக்கும் என்று ஞானபூரணம் சொன்னாள். அவர் அதைக் குச்சியால் தள்ளி, முறத்தில் ஏந்தி, கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டினார். பூக்கடை மூக்காண்டியும் சங்கத்தில் ஒரு துணைத்தலைவர்தான். அவர் பழத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வெளியாளு செய்யுத வேல இல்ல அண்ணாச்சி. சாவி யாரு கையில பொழங்குது?" என்று கேட்டார்.

சாவி பொழங்கியது மாரிக்கண்ணன் கையில்.

அன்று சாயங்காலம் சங்கரலிங்கம் மச்சினனிடமிருந்து சாவியை வாங்கி மனைவியின் கல்லாவில் போட்டுப் பூட்டினார். தெருவைத் தாண்டிப் போனார். கார் காதை விரித்தது. அங்கிருந்தே திரும்பி, கடை வாசலில் நின்ற மாரிக்கண்ணனைப் பார்த்தார். மறுநாள் பஸ்ஸில்தான் கோவில்பட்டிக்குச் சரக்கெடுக்கப் போனார்.

தம்பி மேல் பழி விழுவதை ஞானபூரணத்தால் தாங்க முடியவில்லை. பீரோவில் இருக்கிற சாவியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, 'இந்தா இருக்கு பாருங்க, கவரு கூடப் பிரியல' என்று சொல்லிவிட வேண்டும் என்று அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள். நகைப்பெட்டிக்குப் பின்னால் கை விட்டாள். சேலை அடுக்கையெல்லாம் இறக்கிப் பார்த்தாள். அந்துருண்டைதான் உருண்டது.

சாவி இல்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பத்திருபது நாளைக்கு முன்னால், கரிவலத்துக்கு அனுப்ப வேண்டிய பரிசச் சேலையை எடுத்து வரச் சொல்லி பீரோச் சாவியை அவள்தான் தம்பி கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கதவை வேறு யாரும் திறக்கவில்லை. அவள் மனசு 'சேச்சே' என்றது. அப்புறமும் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

கொஞ்ச நேரத்தில் மாரிக்கண்ணன் சாப்பிட வந்தான். கிணற்று வேலை, முழங்கால்வரை கரிசல் மண் காய்ந்து வெடித்திருந்தது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அவனுக்கு உயிர். தட்டு நிறையப் போட்டு நல்லெண்ணெய் ஊற்றினாள். அவன் குழி பறித்துப் பிசைந்தான்.

"ஏலே மாரி."

"என்னக்கா."

"அன்னைக்குச் சேலை எடுக்க பீரோவத் தொறந்தேல்லா."

"ஆமா."

"நகைப்பெட்டிக்குப் பின்னால ஒரு கவரு கெடந்துச்சாலே?"

பிசைந்த கை நின்றது. "நீ என்னக்கா கேக்க?"

"கெடந்துச்சான்னுதான்."

"கெடந்துச்சான்னு கேக்கியா, எடுத்தியான்னு கேக்கியா?"

அவள் சட்டென்று ஒரு பதில் சொல்லியிருக்கலாம். என்ன பதில் என்றாலும் போதும். அவள் துவையல் கிண்ணத்தை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் அந்தக் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் கை கழுவினான். அந்த வீட்டில் அவன் சோற்றை மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

"லோடு நிக்கிக்கா" என்று எழுந்து போனான்.

பீரோவில் சாவி இல்லாததை அவள் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் தம்பியைப் போலீஸில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார் என்று பயந்தாள். தம்பி எடுத்திருப்பான் என்று தானே நம்ப ஆரம்பித்துவிட்டோம் என்பது அந்தப் பயத்துக்குள்ளேயே இருந்தது. அது அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

மறுநாள் கடையில், பைப் வாங்க வந்த ஆட்கள் முன்னாலேயே சங்கரலிங்கம் தீர்ப்பு வாசித்தார். "போலீசு கீலீசு எனக்கு வேண்டாம். நான் பொது வாழ்க்கையில இருக்கவன். வெள்ளிக்கெழம காலையில வண்டி முன்னால சூடம் ஏத்துதேன். கள்ளச்சாவி எடுக்கலன்னு சத்தியம் பண்ணிக் கையால அணைச்சிட்டுப் போ. அதோட விட்டுருதேன்."

"நான் அணைக்க மாட்டேன் அத்தான்."

"அப்ப எடுத்திருக்க."

"எடுத்தவன் கூசாம அணைச்சிருவான். எடுக்காதவனுக்குத்தான் கை வராது."

"நல்லாப் பேசுத. இதையே கரிவலத்துலயும் வந்து பேசு. ஆவணிக்கு முன்னால பொண்ணு வீட்டுக்காரங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லணும்லா. நாளப்பின்ன என்னையக் குத்தம் சொல்லப்பிடாது."

மாரிக்கண்ணன் அக்காவைப் பார்த்தான். அவள் கல்லாவுக்குள் குனிந்து சில்லறை தேடினாள். தேவைப்பட்ட சில்லறை மேலாகவே கிடந்தது.

"வெள்ளிக்கெழம வாரேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை காற்று இன்னும் கூடுதலாக அடித்தது. ஆடித் தபசுக்கு வந்த கூட்டம் கோயில் பக்கம் போகிற வழியில் இதையும் ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றது. சூடம் மூன்று தடவை அணைந்தது. கடைசியில் பழைய மோட்டாரின் இரும்பு மூடியைக் கொண்டுவந்து மல்லாத்தி வைத்து, அதன் குழிக்குள் பெரிய கட்டியாக ஏற்றினார்கள். மூக்காண்டி தோளில் துண்டு போட்டுக்கொண்டு நீதிமான் மாதிரி நின்றார். சங்கரலிங்கத்துக்குக் கஞ்சி போட்ட வேட்டி, சங்கத்து பேட்ஜ், சந்தனக் கீற்று.

"சாவி உன் கைல இருக்கட்டும். கடைய விட்டு எறங்காத" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டினார்.

வளையம் மாட்டிய சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு ஞானபூரணம் கடைப் படியில் நின்றாள். எதிர்ச்சாரியில் மூக்காண்டி காருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்; கார் சும்மா கிடந்தது. மாரிக்கண்ணன் தலைகுனிந்து வந்து மூடியின் முன்னால் நின்றான். கார் சும்மா கிடந்தது. அவளுடைய புருஷன் போனார். லைட் சிமிட்டியது. காது இரண்டும் விரிந்தன.

"பாத்தியளா, பாத்தியளா" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "சாவி எம் பொண்டாட்டி கையில இருக்கு. இது எப்படித் தொறக்கு? கூட்டத்துக்குள்ள எவனோ நின்னு அமுக்குதான்." சொல்லிக்கொண்டே ஆளைத் தேடி நாலைந்து எட்டு கூட்டத்துக்குள் போனார். கார் காதை மடக்கிக்கொண்டது. திரும்பி வந்தார். விரித்தது.

ஞானபூரணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்றில் அவர் வேட்டி ஒருதரம் விலகிப் பறந்து, கோடு போட்ட டிராயரின் ஓரம் தெரிந்து மறைந்தது. அந்த டிராயர்களுக்குப் பை தைத்து, வாயில் பித்தளை பட்டன் வைத்துக் கொடுத்தது அவள்தான். ஆனிக் கடைசியிலிருந்து அந்த டிராயரை அவள் கையில் அவர் கொடுக்கவே இல்லை.

"ஏங்க" என்று தெருவுக்குக் குறுக்கே கூப்பிட்டாள்.

"பேசாம இருட்டி."

"அந்தப் பட்டாபட்டிப் பையில என்ன வச்சிருக்கிய?"

காற்று அடித்ததில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொன்னார்கள். மூக்காண்டி துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால போம்" என்றார். போனார். மடக்கியது. "முன்னால வாரும்." வந்தார். விரித்தது. பனவடலிசத்திரத்து ஆள் ஒருவர், "அது ஒம்மளத்தான்வே கும்பிடுது" என்றார்.

சங்கரலிங்கம் வேப்பமரத்தின் மறைவுக்குப் போய்த் திரும்பி நின்று, வேட்டிக்குள் கைவிட்டு, பட்டனைக் கழற்றி, சாவியை எடுத்தார். கவருக்குள் பளபளவென்று இருந்தது. மச்சினன் அறியாமல் வண்டியைச் சோதனை போடத் தன்னிடம் ஒன்று இருக்கட்டும் என்று எடுத்து வைத்தது. கூட்டத்துக்கு நேராக அதைத் தூக்கிக் காட்டினார்.

"கவரே பிரிக்கலையே" என்றார்.

சிரிப்பு ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது.

"பிரிக்காத சாமான் வேல செய்யும்னு எவன் கண்டான்? அந்த நியாஸ் பய ஒரு வார்த்த சொல்லணும்லா. இதுல எந் தப்பு என்ன இருக்கு? நாலு பேரு முன்னால உண்ம தெரியணும்னு ஏற்பாடு பண்ணுனதே நாந்தான்." பேசப் பேச அவருக்குக் குரல் திரும்பி வந்தது. "சரி, முடிஞ்சு போச்சு. ஏலே மாரி, அந்தச் சூடத்த ஊதி அணைச்சுட்டு வண்டிய எடு. கோவிலுக்குப் போயிட்டு வருவோம்."

ஞானபூரணம் கடையை விட்டு இறங்கி நடுரோட்டுக்கு வந்திருந்தாள். "மாரி" என்றாள்.

மாரிக்கண்ணன் அத்தானைப் பார்க்கவில்லை. இரும்பு மூடிக்குள் சூடம் இன்னும் நின்று எரிந்துகொண்டிருந்தது. குனிந்தான். வலது கையை விரித்து அதன் மேல் வைத்து அழுத்தினான். ஊதுகிற அளவுக்குத்தான் தீ இருந்தது. அவன் கையை எடுக்க நேரமாயிற்று.

"ஏலே, அதான் வேண்டாம்னு ஆயிட்டுல்லா, கோட்டிக்காரப் பயலே" என்றார் சங்கரலிங்கம்.

"நீங்க கேட்டதுக்கு இல்ல அத்தான்" என்றான். பிறகு ரோட்டின் நடுவே நின்றவளைப் பார்த்தான். "நீ கேட்டேல்லாக்கா. அதுக்கு."

உள்ளங்கைக் கரியைக் கைலியில் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்தான். கூட்டம் வழிவிட்டது. அவசரமாக நடக்கவில்லை, லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிறவன் நடக்கிற மாதிரிதான் நடந்தான். கரிவலம் போகிற பஸ்ஸோ, கோவில்பட்டி பஸ்ஸோ, எது வந்தாலும் ஏறிவிடுகிற நடை.

"எங்க போயிருவான். மத்தியானம் சோத்துக்கு வந்து நிப்பான் பாரு" என்று சொல்லிக்கொண்டே சங்கரலிங்கம் சாவியைக் கவரோடு பையில் போட்டு, மனைவியைத் தாண்டிக் கடைக்குள் போனார். அவர் போகவும் கார் காதை மடக்கிக்கொண்டது.

ஞானபூரணம் தம்பி போன திசையைப் பார்த்தபடியே எதிர்ச்சாரிக்கு வந்தாள். மூடிக்குள் விரல் தடத்தோடு கரி படிந்திருந்தது. அதைத் தொடக் குனிந்தபோது, பக்கத்தில் லைட் சிமிட்டியது. கண்ணாடிகள் இரண்டும் மரியாதையாக விரிந்தன. பூட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் கையில் சாவி இருந்தது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.